சுலோசனாவுக்கு ஜாமீன் போட்டவர்

எகுவபாளையத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் குழாயில் தண்ணீர் வரும். அதுவும் விடிவதற்குள் வந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்புவதற்குள் நின்றுவிடும். நகராட்சியில் தண்ணீர் வரி வசூலிக்கிற சுலோசனா அந்த நேரம் பார்த்துத்தான் தெருவில் இறங்குவாள். மற்ற வசூல்காரர்கள் காபி குடித்து, வெயில் ஏறிய பிறகு சாவகாசமாகக் கிளம்பி, பூட்டிய கதவுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார்கள். சுலோசனாவிடம் அந்தப் பாச்சா பலிக்காது. தண்ணீர் ஓடும்போது குடத்தைப் போட்டுவிட்டு யார் எங்கே ஓடி ஒளிய முடியும்?

"இன்னா பிரமிளா, போன மாசமும் இதே கதைதான் சொன்ன. உள்ள போயி பணத்த எடுத்துக்கினு வா. உன் குடத்த நான் பாத்துக்கிறேன்" என்பாள். பிரமிளா பணத்தோடு திரும்புவதற்குள் நிரம்பிய குடத்தை எடுத்து வைத்து, அடுத்ததையும் வைத்திருப்பாள். திட்டிக்கொண்டேதான் வேலை செய்வாள். ஆனால் யாரும் அவளைக் கடிந்து பேசியதில்லை. ஒரு பைசா அதிகமாகக் கேட்கமாட்டாள், ஒரு பைசா விடவும் மாட்டாள் என்று ஊருக்கே தெரியும்.

எகுவபாளையம், ஆந்திராவில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, புத்தூரிலிருந்து சத்தியவேடு போகிற வழியில் இருக்கிற சின்ன நகராட்சி. சுலோசனாவின் புருஷன் திருவேங்கடம் நகரியில் விசைத்தறி ஓட்டுகிறான். மகள் அக்ஷயா திருப்பதியில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். வரதய்யபாளையம் பக்கத்தில் மாமனாருக்கு இருந்த நிலம் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டது. வந்த பணம் அவருடைய வைத்தியத்துக்கே போய்ச் சேர்ந்தது. இப்போது மேட்டுத் தெருவில் வாடகை வீடு. புருஷன் சம்பளத்தில் வீடு ஓடும், சுலோசனா சம்பளத்தில் அக்ஷயா படிப்பாள். அந்த வேலை போனால் பெண் படிப்பை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வரவேண்டியதுதான். வேலையும் நிரந்தரமானதில்லை. பதினோரு வருஷமாக ஒப்பந்த ஊழியர்தான்.

அப்படி இருக்கும்போதுதான் சங்கராந்தி முடிந்த கையோடு அந்த மெமோ வந்தது. பக்கத்து மாவட்டத்தில் எவனோ ஒருவன் வசூல் பணத்தோடு ஓடிவிட்டானாம். எங்கேயோ எவனோ ஓடினதற்கு இங்கே இவள் மாட்டினாள். இனிமேல் பணம் வாங்குகிற ஊழியர் எல்லாரும் ஜாமீன் பத்திரம் கொடுக்கவேண்டும். சொந்த நிலமோ வீடோ உள்ள ஒருவர் அதில் கையெழுத்துப் போடவேண்டும். ஊழியரால் நகராட்சிக்கு நஷ்டம் வந்தால் அந்தச் சொத்திலிருந்து வசூலிப்பார்கள். மாதக் கடைசிக்குள் கொடுக்காதவர்களுக்கு வேலை கிடையாது.

"இப்பல்லாம் முக்கால்வாசி பேரு போன்லயே கட்டிடறாங்களே சார். என் கையில இன்னா நிக்குது?" என்று மேனேஜர் கிரண்குமாரிடம் கேட்டாள்.

கிரண்குமார் கெட்டவர் இல்லை. நல்லவராக இருக்கவும் அவருக்கு நேரம் இல்லை. "ரூல்ஸ்ம்மா. நேனேம் சேஸ்தானு? நான் என்ன பண்ண முடியும்?" என்றார்.

"பெரிய சாருங்க எல்லாம் யார ஜாமீன் புடிச்சாங்க?"

"கமிஷனர் சாருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி ஜாமீன் பாண்டு கொடுக்குதும்மா."

"அதுக்குக் காசு?"

"நாமளே கட்டுறோம். முனிசிபாலிட்டிதான்."

இது எந்த ஊர் நியாயம்? கோடிக்கணக்கில் பில் பாஸ் பண்ணுகிறவரை நம்புவதற்கு நகராட்சியே கைக்காசு போடுகிறது. தெருத்தெருவாக அலைகிறவளை நம்புவதற்கு எவன் நிலத்தையாவது அடமானமாகக் கேட்கிறது. போன வருஷம் மேட்டுத் தெருவுக்குப் புதுக் குழாய் போட்ட காண்ட்ராக்டர்கூட, வேலையை ஒழுங்காக முடிப்பேன் என்று பாண்டு கொடுத்தவர்தான். குழாய் மூன்றாவது மாதமே ஒழுக ஆரம்பித்தது. பாண்டு கசங்காமல் அவர் கைக்கே திரும்பிப் போயிற்று. அந்த ஒழுகலைச் சாக்குத் துணியால் கட்டி வைத்திருப்பது மேட்டுத் தெருப் பெண்கள்தான்.

சுலோசனா முதலில் தம்பி யோகேஷிடம் போனாள். ஏர்பேடு பக்கத்தில் நிலம் வைத்திருக்கிறான். பொங்கல் சீர் ஒரு வருஷம்கூடத் தவறாமல் கொண்டுவருகிறவன், ஜாமீன் என்றதும் பின்வாங்கினான்.

"நான் திருடிடுவேன்னு பயப்படறியாடா?"

"சீ, நீ இன்னாத்துக்குத் திருடப் போற? அவங்க எதுனா உன் தலையில கட்டிட்டா இன்னா பண்றது? அப்புறம் நான் நிலத்துக்கு எங்க போவேன், சொல்லு?"

அவன் சொன்னதில் தப்பில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. தம்பி பை நிறைய வேர்க்கடலை கொடுத்து பஸ் ஏற்றிவிட்டான். கையெழுத்து மட்டும் கொடுக்கவில்லை.

அவனுக்குப் பிறகு இன்னும் நாலு வாசல் ஏறி இறங்கினாள். வட்டிக் கடனுக்கும் சீட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறவர்கள், அரசாங்கப் பத்திரம் என்றதும் கண்ணாடியைத் தேடினார்கள். மாதம் முடிகிற சமயத்தில், அவள் கேட்காமலேயே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார் வேங்கடாசலம்.

வேங்கடாசலம் மாங்கூழ் வியாபாரத்தில் சம்பாதித்தவர். மெயின் ரோட்டில் கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார். பத்திரத்தைப் படிக்கக்கூட இல்லை. "நீ எனக்கு செல்லெம்மா மாதிரி. தங்கச்சிக்குப் போடாம வேற யாருக்குப் போடப் போறேன்?" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அவர் மனைவி மனோரமா தட்டில் ரவிக்கைத் துணி, மஞ்சள், குங்குமம் வைத்துக் கொடுத்தாள். கூடப் பிறந்தவன் செய்யாததை யாரோ ஒரு மனுஷன் செய்கிறாரே என்று சுலோசனா அங்கேயே அழுதுவிட்டாள். பத்திரத்தை அன்றைக்கே ஆபீசில் கொடுத்தாள். கோயிலுக்குப் போய் அவர் குடும்பத்துப் பெயரில் அர்ச்சனையும் செய்தாள்.

ஊரில் பாதிப் பேருக்கு அப்போதே புரிந்திருக்கும். பதினோரு வருஷம் எல்லார் வீட்டுக் குழாயையும் எண்ணிய சுலோசனாவுக்குத்தான் புரியவில்லை.

அடுத்த வசூலுக்கு மண்டபத்துக்குப் போனபோது புரிந்தது. மண்டபத்துக்கு மூன்று குழாய். அதில் ஒன்றுக்குத்தான் கணக்கு உண்டு, அதுவும் வீட்டுக் குழாய் என்று. மற்ற இரண்டுக்கு மோட்டார் வைத்து மெயின் குழாயிலிருந்து நேராக உறிஞ்சினார்கள். இருக்கிற கணக்குக்கும் ரொம்ப நாளாகப் பாக்கி. போன வருஷம் வரை மாதம் தவறாமல் வாசலில் நின்று அதைக் கத்திச் சொல்லிவிட்டுத்தான் போவாள். இந்தத் தடவை வேங்கடாசலம் வாசலுக்கே வந்து, "ரா செல்லெம்மா, காபி துன்னுட்டுப் போ" என்றார். காபியைத் துன்ன முடியாது, குடிக்கத்தான் முடியும் என்று அவரைக் கேலி செய்கிற சுலோசனா, அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. குடித்தாள். வரியைக் கேட்காமல் எழுந்து வந்தாள். அடுத்த மாதம் அவருடைய சகலை வீட்டையும் தாண்டிப் போக வேண்டியதாயிற்று. அதற்கடுத்த மாதம் மண்டபம் இருக்கிற பக்கமே போகவில்லை.

திருடக்கூடாது என்றுதான் அவளிடம் ஜாமீன் கேட்டார்கள். அந்த ஜாமீனே அவளைத் திருட்டுக்குத் துணையாக்கிவிட்டது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? மெமோ எழுதினவருக்கு இதெல்லாம் தெரியாமலா இருக்கும்? ஊரில் பெரிய நிலக்காரன் எவனோ, பெரிய பாக்கிக்காரனும் அவனாகத்தான் இருப்பான். அவனிடம் வரி கேட்கவேண்டியவளை அவன் காலில் கொண்டுபோய் விழவைத்தார்கள்.

வெயில் காலம் வந்தது. பாக்கி வைத்திருப்பவர்களின் குழாயைத் துண்டிக்கச் சொல்லி ஆர்டர் வந்தது. யார் யார் என்று எழுதிக் கொடுக்கவேண்டியது வசூல்காரிதான். எழுதும்போது மண்டபத்தின் பெயர் வரவேண்டிய இடத்தில் அவள் கை நின்றது. பிறகு அதை விட்டுவிட்டு அடுத்ததை எழுதியது.

எழுதியதில் செங்கமலத்தின் பெயர் இருந்தது. செங்கமலம் மேட்டுத் தெருவில் இட்லி சுட்டு விற்கிறவள். குழாய் வந்து முடிகிற கடைசித் தெரு அது. தண்ணீர் ஏறாது. அதனால் வீட்டு வாசலில் ஆள் உயரத்துக்குக் குழி வெட்டி, குழாயை அடியில் இறக்கி வைத்திருப்பார்கள். செங்கமலத்தின் குழிதான் ஆழமானது. மற்றக் குழாய்களில் காற்று வரும்போது அதில் மட்டும் நூல் போலத் தண்ணீர் வரும். தெரு முழுவதும் அங்கேதான் பிடிக்கும். சுலோசனாவும் அங்கேதான் பிடிப்பாள். குடிப்பது தெரு, மீட்டர் ஓடியதும் பாக்கி ஏறியதும் செங்கமலத்தின் பெயரில் மட்டும்.

நகராட்சிக் குழாய் பிட்டர் நாகையா குழிக்குள் இறங்கிக் குழாயைக் கழற்றினார். சைக்கிள் டியூப் சுற்றிய மரக்கட்டையை அதன் வாயில் வைத்து அடித்தார். தெருப் பெண்கள் காலிக் குடங்களோடு சுற்றி நின்றார்கள். செங்கமலம் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று சுலோசனா எதிர்பார்த்தாள். அப்படி ஏதாவது செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். செங்கமலம் அவள் முகத்தைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மண்டபத்துக்கு எப்ப போவ, சுலோசனா?"

வீட்டுக்கு வந்த சுலோசனா புருஷனிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். திருவேங்கடம் பயந்த மனுஷன்.

"கையெழுத்துப் போட்டவரு குழாய அறுக்கிறதா? நன்றின்னு ஒண்ணு இல்லியாடி?"

"நன்றிக்கு நான் அவரு வூட்ல பத்துப்பாத்திரம் வேணும்னாலும் தேய்க்கிறேன். தெருத் தண்ணிய எடுத்துக் குடுத்தா அதுக்குப் பேரு நன்றியா?"

"பொண்ணு படிப்பு?"

சுலோசனா அக்ஷயாவுக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சொல்லாமல், சாப்பிட்டாயா, தலைக்கு எண்ணெய் வைத்தாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தாள்.

மறுநாள் காலையில் நேராக வேங்கடாசலம் வீட்டுக்குப் போனாள். காபி வேண்டாம் என்றாள். நின்றுகொண்டே பேசினாள்.

"அண்ணா, பாக்கியக் கட்டிடுங்க. மோட்டார எடுத்துடுங்க. இல்லாட்டி நான் குழாய அறுக்கணும். சொல்லாம செய்யக்கூடாதுன்னுதான் வந்தேன்."

வேங்கடாசலம் கோபப்படவில்லை. சிரித்தார். "செல்லெம்மா, நீ யாரு கையெழுத்துல நின்னுகினு பேசற, தெரியுதா? நான் அதை எடுத்துக்கினேன்னா அன்னிக்கே நீ வூட்டுக்குப் போவணும்."

"தெரியுதுண்ணா."

"தெரிஞ்சா போயி வேலையப் பாரு."

அவள் வேலையைப் பார்க்கத்தான் போனாள். ஆபீசுக்குப் போய் ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, வேங்கடாசலம் எனக்குப் போட்ட ஜாமீன் எனக்கு வேண்டாம், அதிலிருந்து அவரை விடுவித்துவிடுங்கள் என்று எழுதி, கிரண்குமார் மேஜையில் வைத்தாள். அவர் இரண்டு தடவை படித்தார்.

"உனக்குப் பைத்தியமாம்மா? வேற ஜாமீன் இருக்கா?"

"இல்ல சார்."

"வேலை போயிடும்."

"எப்ப போவும்?"

"இது மேல போகணும், கமிஷனர் சார் பார்க்கணும், ஆர்டர் வரணும். அது வரைக்கும் நீ டூட்டிலதான் இருக்க."

"அப்ப இன்னிக்கு நான் வசூல்காரிதானே?"

"ஆமா."

"அப்ப மண்டபத்துப் பேரையும் சேர்த்துக்குங்க. நான்தான் எழுதாம வுட்டேன். நாகையா அண்ணன என்கூட அனுப்புங்க."

கிரண்குமார் வெகுநேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். அந்த மனுஷனுக்கும் அந்த ஒரு நாள் நல்லவராக இருக்க நேரம் கிடைத்தது என்றுதான் சொல்லவேண்டும்.

மண்டபத்தில் அன்றைக்குக் கல்யாணம். நாதஸ்வரச் சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. நாகையா கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு, "போலாமா?" என்றார்.

"எவனோ மண்டபக்காரன் வரி கட்டாததுக்குப் பொண்ணு மாப்பிள்ள இன்னா பண்ணும்? முடியட்டும், இருங்க."

இருவரும் எதிர்ப்பக்கம் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். பந்தி முடிந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் காரில் ஏறிப் போனார்கள். சமையல்காரர்கள் அண்டாக்களைக் கழுவி வண்டியில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகுதான் சுலோசனா எழுந்தாள். மூன்று குழாயையும் தோண்டி, மூன்றிலும் கட்டை அடித்தார்கள். வேங்கடாசலம் மாடியில் நின்று யார் யாருக்கோ போன் பேசிக்கொண்டிருந்தார். மனோரமா கீழே இறங்கி வந்து, "மஞ்சள் குங்குமம் வாங்கினது மறந்துபோச்சா?" என்றாள்.

"மறக்கலக்கா" என்றாள் சுலோசனா. அவள் கண் கலங்கியது. ஆனால் மூன்றாவது கட்டையை நாகையா அடித்து முடிக்கும் வரை அங்கேயேதான் நின்றாள்.

அன்றைக்கே மேட்டுத் தெரு ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, செங்கமலத்தின் பாக்கியைக் கட்டியது. சுலோசனாவும் தன் பங்கைப் போட்டாள். நாகையா குழிக்குள் இறங்கிக் கட்டையைப் பிடுங்கிக் குழாயைத் திரும்ப மாட்டினார்.

அடுத்த முறை தண்ணீர் விட்ட காலையில் மேட்டுத் தெருவே கூச்சல் போட்டது. செங்கமலத்தின் குழியில் தண்ணீர் வந்த வேகத்தில் குடம் உருண்டு ஓடியது. குழி நிரம்பி வழிந்தது. வருஷக்கணக்காகக் காற்று மட்டும் வந்த பிரமிளா வீட்டுக் குழாயிலும் தண்ணீர் வந்தது. குழாய் போட்ட காண்ட்ராக்டர் பேரில்தான் தப்பு, மேடு பேரில்தான் தப்பு என்று இத்தனை நாள் நினைத்திருந்தவர்கள், தங்கள் தண்ணீர் எங்கே போய்க்கொண்டிருந்தது என்று கண்ணால் பார்த்தார்கள்.

அந்தச் சந்தோஷம் அந்த ஒரு காலைக்குத்தான். முகூர்த்த காலம், பொதுமக்களுக்கு அசௌகரியம் என்று காரணம் சொல்லி மண்டபத்துக்குக் குழாய் திரும்பவும் கொடுக்கப்பட்டது. பாக்கி கட்ட அவகாசமாம். மூன்று குழாய்க்குமே அவகாசமாம்! அதே கையோடு, மேலே போய்க் கீழே வர மாதக்கணக்காகும் என்று எல்லாரும் நினைத்த சுலோசனாவின் ஆர்டர் சுடச்சுட வந்தது. ஜாமீன் இல்லாததால் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார். பதினோரு வருஷத்து வேலையை ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

செங்கமலம் இட்லிக் கடையை மூடிவிட்டு நகராட்சி ஆபீசுக்குப் போனாள். அரசாங்கம் அவளுக்குக் கொடுத்த வீட்டுமனைப் பட்டாவைப் பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்துக் கிரண்குமார் முன்னால் வைத்தாள்.

"சுலோசனாவுக்கு நான் ஜாமீன். எங்க கையெழுத்துப் போடணும், சொல்லுங்க."

"இது கவர்மெண்ட் கொடுத்த பட்டாம்மா. இதை ஜாமீனுக்கு வைக்க முடியாது. செல்லாது."

"யாருக்குச் செல்லாது?"

"கவர்மெண்டுக்கு."

"அவங்க குடுத்தது அவங்களுக்கே செல்லாதா?"

கிரண்குமார் பட்டாவை அவள் பக்கமே நகர்த்திவைத்தார். குழாயை அறுத்தவளுக்காக, அறுபட்டவள் தன் வீட்டையே தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். இதைவிட என்ன ஜாமீன் வேண்டும் ஒரு மனுஷிக்கு? அதை வாங்கிக்கொள்ள அந்த ஆபீசில் ஒரு மேஜை இல்லை.

சுலோசனா நகரியில் புருஷன் வேலை செய்கிற இடத்திலேயே நூல் சுற்றுகிற வேலைக்குப் போனாள். அக்ஷயா விஷயம் தெரிந்து, திருப்பதியில் ஒரு மருந்துக்கடையில் சாயங்கால வேலை பிடித்துக்கொண்டாள். படிப்பு நிற்கவில்லை. ஆனால் கடையில் நின்றுகொண்டேதான் அந்தப் பெண் படித்தாள்.

மேட்டுத் தெருவுக்குப் புது வசூல்காரனாகச் சிரஞ்சீவி வந்தான். முப்பது வயது, இரண்டு பிள்ளைக்காரன். சுலோசனாவின் பழைய வழக்கப்படி தண்ணீர் வருகிற நேரம் பார்த்துத்தான் வந்தான். செங்கமலத்தின் குழியில் மறுபடியும் நூல் போல வந்துகொண்டிருந்தது. வரிசையில் குடத்தோடு சுலோசனாவும் நின்றாள்.

"அக்கா, வரி" என்று தயங்கிக்கொண்டே அவளிடமிருந்தே ஆரம்பித்தான்.

"உனக்கு யாருப்பா ஜாமீன்?"

அவன் தரையைப் பார்த்தான். "மண்டபத்து அண்ணன்தான்க்கா. அவரே கூப்பிட்டுப் போட்டாரு."

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சுலோசனா அவனைத் திட்டவில்லை. மடியிலிருந்து பணத்தை எடுத்து அவனுக்குத் தெரியும்படி கையில் பிடித்துக்கொண்டாள். செங்கமலமும் எடுத்தாள். பிரமிளா உள்ளே ஓடிப்போய் எடுத்து வந்தாள். வரிசை முழுவதும் ஆளாளுக்குப் பணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது. யாரும் நீட்டவில்லை.

"உன்மேல எனக்குக் கோவம் இல்ல தம்பி. உன் கஷ்டம் எனக்குத் தெரிஞ்ச மாதிரி யாருக்கும் தெரியாது" என்றாள் சுலோசனா. "மண்டபத்துல வரி வாங்கிக்கினு வா. தெருவே குடுக்க மாட்டேங்குது, நான் இன்னா பண்றதுன்னு அங்க எங்கள சாக்கு சொல்லு. நீ வர்ற வரைக்கும் நாங்க இங்கியேதான் நிப்போம்."

சிரஞ்சீவி சாவியைப் போட்டு வண்டியைக் கிளப்பினான். பிறகு வண்டியைத் திருப்பி, மண்டபம் இருக்கிற மெயின் ரோட்டுப் பக்கம் போனான். சுலோசனா குழிக்குள் இறங்கி, நிரம்பிய செங்கமலத்தின் குடத்தை மேலே தூக்கிக் கொடுத்துவிட்டு, அடுத்த குடத்தை வைத்தாள். பணம் அவள் இடது கையிலேயே இருந்தது.